ஸ்ரோமா பாக்கோடை சொல்லாமல் வாற நாட்கள்: வீட்டிலையும் வெளியிலையும் என்ன ஒழுங்கு செய்யலாம்?

கொக்குவில்காரி:

அப்பாவுக்குச் சிறுகுடல் ஸ்ரோமா (மலம் போறதுக்கு ஒப்பரேசனிலை குடலை வயித்துக்கு வெளியாலை எடுத்து வைச்ச வாய்), இலியோஸ்ரொமி எண்டு சொல்லுறது. பாக் வெறுமையாக்கிறது, பிளேட் (பாக்கைத் தோலோடை பிடிக்கிற ஒட்டுத் தட்டு) மாத்திறது எல்லாம் வீட்டிலை பழகியாச்சு. பிரச்சினை என்னெண்டால் ஒரு நாளைப்போலை மற்ற நாள் இல்லை. ஒரு நாள் நாலைஞ்சு தரம் வெறுமையாக்கினால் காணும். அடுத்த நாள் பத்துத் தரம், அதுவும் தண்ணியாய். வேறை நாளிலை விடியத் தொடங்கி மத்தியானம் மட்டும் ஒண்டுமே வராது. இடையிலை பிளேட்டும் கழண்டுபோடும். இதாலை கோயில், கலியாணவீடு, கொழும்புப் பயணம் எல்லாத்தையும் வேண்டாமெண்டுறார். நம்பி வெளிக்கிடுறதுக்கு என்ன செய்யலாம் எண்டு தெரிஞ்ச ஆக்கள் விவரமாய் எழுதுங்கோ.

வோட்_மிசி:

தங்கச்சி, நீங்கள் சொன்னது மூண்டு வேறை வேறை பிரச்சினை. தண்ணியாய்ப் போற நாள், அடைச்ச நாள், பிளேட் கழண்ட நாள். காரணமும் வேறை, செய்யிற வேலையும் வேறை. மூண்டையும் "இண்டைக்கு வயிறு சரியில்லை" எண்டு ஒண்டாய்ச் சேர்த்தால் ஒண்டுக்கும் வழி பிடிபடாது.

முதல் வேலை அளக்கிறது. அளவுக்கோடு போட்ட ஒரு லீற்றர் பிளாஸ்ரிக் ஜக் ஒண்டை இதுக்கெண்டே ஒதுக்குங்கோ. நாலு நாளைக்கு, பாக்கை வெறுமையாக்கிற ஒவ்வொரு தரமும் ஜக்கிலை ஊத்தி, நேரத்தையும் அளவையும் பதத்தையும் ஒரு கொப்பியிலை எழுதுங்கோ. பக்கத்திலை என்ன சாப்பிட்டவர், என்ன குடிச்சவர், என்ன மருந்து எண்டதும் இருக்கவேணும். ஆறின இலியோஸ்ரொமியிலை 24 மணித்தியாலத்துக்கு 500 தொடக்கம் 800 மில்லிலீற்றர் வரும், கூழ்ப் பதத்திலை. ஒரு லீற்றருக்குக் கிட்ட வந்தால் கவனம். ஒண்டரை லீற்றர் தாண்டினால் அது கூடுதல் போக்கு, கிளினிக்குக்குச் சொல்லவேணும்.

பத்துத் தரம் வெறுமையாக்கினது எண்டதாலை கூடப் போகுது எண்டு அர்த்தமில்லை. பாதி நேரம் பாக்கை நிரப்பிறது காற்று. அளந்தால்தான் தெரியும்.

பெருங்குடல்தான் தண்ணியையும் உப்பையும் உறிஞ்சி மலத்தை இறுக்கிறது. இலியோஸ்ரொமியிலை அந்த வேலை நடக்காது. அதாலை சாப்பாட்டிலையோ மருந்திலையோ வாற சின்ன மாற்றமும் நேரே பாக்கிலை தெரியும். திடீரெண்டு தண்ணியானால் புதிசாய்த் தொடங்கின அன்ரிபயோற்றிக், மக்னீசியம் உள்ள வாயுக் குளிசை, சீனி வருத்தத்துக்குக் குடுக்கிற மெற்போமின், இனிப்புக் குடிபானம், வயித்துக் கிருமி, இதுகளை வரிசையாய்த் தேடுங்கோ. மருந்தை நீங்களாய் நிப்பாட்ட வேண்டாம், கேட்டுத்தான் மாத்தவேணும்.

பருத்தித்துறையான்:

தண்ணியாய்ப் போனால் இழந்ததை ஈடுகட்ட நல்லாய்த் தண்ணி குடிக்கவேணும், இளநீரும் குடுக்கலாம் எண்டுதான் எல்லாரும் சொல்லுறவை. வெய்யில் காலத்திலை வேறை வழியில்லையே?

வோட்_மிசி:

அண்ணை, இந்த இடத்திலைதான் கனபேர் ஆஸ்பத்திரிக்கு வந்து சேருகினம். சிறுகுடலிலை தண்ணி உறிஞ்சுப்படுறதுக்கு உப்பு வேணும். வெறும் தண்ணியைக் கூடக் குடிச்சால், அது குடலிலை கிடக்கிற உப்பையும் இழுத்துக்கொண்டு பாக்குக்குள்ளை வந்து விழும். தாகம் கூடும், இன்னும் குடிப்பினம், இன்னும் போகும். தேத்தண்ணி, சோடா, பழச்சாறும் அப்பிடித்தான். இனிப்புக் கூடினது குடலுக்குள்ளை தண்ணியை இழுக்கும். இளநீரிலை பொட்டாசியம் கூட, சோடியம் குறைவு. அளவாய் ஒரு கிளாஸ் குடிக்கலாம், ஈடுகட்டிற மருந்தாய் அதை நம்பக்கூடாது.

சரியானது ஜீவனி, வயித்தாலை போனால் கரைச்சுக் குடிக்கிற உப்புத் தூள். ஒரு பக்கெற்றுக்கு ஒரு லீற்றர் கொதிச்சாறின தண்ணி, கூடவும் வேண்டாம், குறையவும் வேண்டாம். ஒரேயடியாய்க் குடிக்காமல் நாள் முழுக்கச் சிறுகச் சிறுக. கரைச்சதை 24 மணித்தியாலத்துக்குப் பிறகு வைச்சிருக்கக்கூடாது. போக்கு மிச்சம் கூடின ஆக்களுக்கு இதைவிட உப்புக் கூடின கலவை குடுக்கிறவை: ஒரு லீற்றர் தண்ணிக்கு குளுக்கோஸ் தூள் 20 கிராம், உப்பு 3.5 கிராம், அப்பச்சோடா 2.5 கிராம். கரண்டியாலை உத்தேசமாய்ப் போட வேண்டாம், சமையல் தராசிலை நிறுத்துத்தான் போடவேணும். இருதய வருத்தம், பிறெசர், சிறுநீரக வருத்தம் உள்ளவை வைத்தியரைக் கேக்காமல் இதைத் தொடங்கக்கூடாது. கூடுதல் போக்கு உள்ள நாளிலை வெறும் தண்ணி, தேத்தண்ணி, மற்றக் குடிவகை எல்லாம் சேர்த்து அரை லீற்றர் தொடக்கம் ஒரு லீற்றருக்குள்ளை நிக்கவேணும். மிச்சம் இந்தக் கலவை. உப்புப் போட்ட சோத்துக் கஞ்சி நல்லது. சாப்பிடேக்கை கனக்கக் குடிக்காமல் அரை மணித்தியாலம் விட்டுக் குடிச்சால் சாப்பாடு மெல்லப் போகும்.

உடம்பு காய்ஞ்சதுக்கு அடையாளம்: சலம் மஞ்சள் கறுத்துக் குறையும், எழும்பேக்கை தலை சுத்தும், கெண்டைக்கால் பிடிக்கும், நாக்கு ஒட்டும். தலைச்சுத்தோடை சலமும் நல்லாய்க் குறைஞ்சால், இல்லாட்டி வாந்தியும் சேர்ந்தால் வீட்டிலை வைச்சிருக்க வேண்டாம். 1990 இக்கு அடிச்சால் அம்புலன்ஸ் காசில்லாமல் வரும்.

போக்கைக் குறைக்கிற குளிசை லோப்பரமைட் 2 மில்லிகிராம் எழுதிக் குடுத்திருந்தால் சாப்பாட்டுக்கு அரை மணித்தியாலம் முன்னம் போடவேணும், சாப்பிட்ட பிறகு போட்டுப் பிரயோசனம் குறைவு. காய்ச்சல், இரத்தம், வயித்து முறுக்கு உள்ள நாளிலை அதைத் தொடக்கூடாது.

கொக்குவில்காரி:

நன்றி அக்கா, கொப்பி இண்டைக்கே தொடங்கிறன். ஒரு சந்தேகம். குளிசை சில நேரம் முழுசாய்ப் பாக்குக்குள்ளை கிடக்குது. அது பரவாயில்லையா?

பாமசி_சுண்டிக்குளி:

பரவாயில்லை எண்டு விடக்கூடாது. மெல்ல மெல்லக் கரையிற குளிசையும், குடலிலை கரையிறதுக்கெண்டு மேலை பூச்சுப் போட்ட குளிசையும் கரையிறதுக்கு முன்னமே வெளியாலை வந்திடும். மருந்து உடம்பிலை சேரேல்லை எண்டு அர்த்தம். எந்தக் குளிசை எண்டு பார்த்து, பெயரோடை வைத்தியருக்குச் சொல்லுங்கோ. அதே மருந்து சாதாரண குளிசையாயோ பாணியாயோ இருக்கும். அந்த வகைக் குளிசையை இடிச்சுக் குடுக்க வேண்டாம், முழு அளவும் ஒரேயடியாய் ஏறும்.

இனிப் பிளேட் விசயம். கழண்டபடியாலை கழட்டி எறியாதேங்கோ. திருப்பி அதின்ரை ஒட்டுப் பக்கத்தைப் பாருங்கோ. எந்தப் பக்கத்திலை கரைஞ்சு வெள்ளையாய் ஊறியிருக்கோ, அந்தப் பக்கத்தாலைதான் ஒழுகினது. ஒவ்வொரு முறையும் ஒரே பக்கம் எண்டால் அந்த இடத்திலை தோலிலை மடிப்போ பள்ளமோ இருக்கு. ஆளைக் கதிரையிலை இருத்திப் பாருங்கோ. படுத்திருக்கேக்கை தெரியாத மடிப்பு கதிரையிலை இருக்கேக்கைதான் வெளிக்கும். அந்த மடிப்புக்குள்ளை பேஸ்ட்டையோ சீல் வளையத்தின்ரை துண்டையோ வைச்சு மட்டமாக்கிப்போட்டுப் பிளேட்டை ஒட்டவேணும். பேஸ்ட் பசை இல்லை, பள்ளம் நிரப்பிற பொருள். கனக்கப் பூசினால் ஒட்டு இன்னும் கெதியாய்க் கழரும். அதிலை மதுசாரம் இருந்தால் ஒரு நிமிசம் காயவிட்டுப்போட்டு ஒட்டுங்கோ.

சுத்திவரக் கரைஞ்சிருந்தால் ஓட்டை பெரிசு, இல்லாட்டிக் கனநாள் விட்டாச்சு. ஓட்டை ஸ்ரோமாவைவிட 2 அல்லது 3 மில்லிமீற்றர்தான் பெரிசாய் இருக்கலாம். ஒப்பரேசன் முடிஞ்சு முதல் 6 தொடக்கம் 8 கிழமைக்குள்ளை வீக்கம் வத்தி ஸ்ரோமா சுருங்கும். ஆஸ்பத்திரியிலை தந்த அளவுக்கே இப்பவும் வெட்டிக்கொண்டிருந்தால் சுத்தியுள்ள தோலிலை சிறுகுடல் நீர் பட்டு வேகும், வெந்த தோலிலை ஈரம் கசியும், ஈரத்திலை பிளேட் ஒட்டாது. அந்த நாட்களிலை கிழமைக்கு ஒருக்கால் அளவு அட்டை வைச்சுப் பாருங்கோ.

ஸ்ரோமா தோல் மட்டத்துக்கோ உள்ளையோ இறங்கியிருந்தால் சாதாரண தட்டைப் பிளேட் நிக்காது. தோல் பக்கம் குவிஞ்ச பிளேட்டும் பெல்ற்றும் வேணும். அதைக் கிளினிக்கிலை பார்த்துத்தான் தெரிவு செய்யவேணும்.

பருத்தித்துறையான்:

பெட்டியிலை அஞ்சு நாள் வைக்கலாம் எண்டு கிடக்கு. விலையும் சும்மா இல்லை. அஞ்சு நாள் இழுக்கிறதிலை என்ன பிழை?

பாமசி_சுண்டிக்குளி:

விலை உண்மைதான், அதை ஆரும் லேசாய் எடுக்கேலாது. ஆனால் எங்கடை வெய்யிலும் வேர்வையும் சேர்ந்தால் ஒட்டுப் பசை கெதியாய் இளகும். இலியோஸ்ரொமிக்கு இஞ்சை மூண்டு நாள் நியாயமான கணக்கு. சித்திரை, வைகாசியிலை சிலருக்கு ரெண்டு நாள். கழட்டின பிளேட்டிலை கரைஞ்ச அகலம் ஓட்டையிலை இருந்து ஒரு சென்ரிமீற்றருக்குக் கிட்ட வந்தால் அடுத்த முறை ஒரு நாள் முந்தி மாத்துங்கோ. அரைச் சென்ரிமீற்றருக்கும் குறைவெண்டால் ஒரு நாள் கூட விட்டுப் பார்க்கலாம். பெட்டியிலை உள்ள கணக்கைவிட இந்தக் கணக்குத்தான் உங்கடை ஆளுக்குப் பொருந்தும். தோல் வெந்தபிறகு ஒரு நாளைக்கு ரெண்டு பிளேட் போகும். அப்ப மிச்சம் பிடிச்ச காசு எங்கை?

செலவு குறைக்கிறதெண்டால் ரெண்டு துண்டு வகை எடுங்கோ. பிளேட் உடம்பிலை இருக்கும், கீழாலை திறக்கிற பாக்கைக் கழட்டிக் கழுவி நிழலிலை காயவைச்சுத் திரும்பப் பாவிக்கிறவை கனபேர். பிளேட்டைத் திரும்பப் பாவிக்கேலாது.

அலுமாரியிலை வைக்கிற இடமும் முக்கியம். தகரக் கூரைக்குக் கீழை, கார் டாஸ்போட்டுக்குள்ளை, மோட்டச்சைக்கிள் பெட்டிக்குள்ளை வேண்டாம், பசை இளகிப் பழுதாகும். பிறிச்சும் தேவையில்லை.

வோட்_மிசி:

மாத்திற முறையையும் எழுதிவிடுறன், ஏனெண்டால் கழரிறதிலை பாதி இதிலைதான் வருது. விடிய எழும்பி ஒண்டும் குடிக்கமுன்னம் மாத்துங்கோ, அப்பதான் ஸ்ரோமா ஓய்வாய் இருக்கும். சாப்பிட்டு ரெண்டு மணித்தியாலத்துக்குள்ளை தொடங்கினால் பாதியிலை வரும். பழைய பிளேட்டை மேலையிருந்து கீழை, தோலை மற்றக் கையாலை அமத்திப் பிடிச்சுக்கொண்டு உரியுங்கோ. வெறும் இளஞ்சூட்டுத் தண்ணி காணும். எங்கடை கிணத்துத் தண்ணி சுண்ணாம்புப் பாறைத் தண்ணி, அதோடை சவுக்காரம் சேர்ந்தால் தோலிலை ஒரு படலம் நிக்கும், அதிலை பசை பிடிக்காது. குழந்தை எண்ணெய், தேங்காயெண்ணெய், கிறீம், பவுடர்மா ஒண்டும் வேண்டாம். துடைக்கேக்கை ஸ்ரோமாவிலை ஒரு துளி இரத்தம் கசிஞ்சால் பயமில்லை.

தோல் ஈரமாய் வெந்திருந்தால் ஸ்ரோமாப் பவுடரைத் தூவி, கூடினதைத் தட்டிவிட்டு, தோல் பாதுகாப்புத் திரவத்தை ஒத்தி எடுங்கோ. காய்ஞ்ச பிறகு திரும்ப ஒருக்கால். ரெண்டு, மூண்டு படை போட்டால் மேலை காய்ஞ்ச பொருக்கு மாதிரி வரும், அதிலை பிளேட் நிக்கும். சிவந்த புள்ளி புள்ளியாய்ப் பரவிக் கடிச்சால் அது பூஞ்சணம், அதுக்கு வேறை மருந்துப் பவுடர் வேணும்.

ஒட்டினபிறகு உள்ளங்கையை மேலை வைச்சு ரெண்டு நிமிசம் சூடு குடுங்கோ. பிறகு கால் மணித்தியாலம் குனிஞ்சு வேலை செய்யாமல் இருந்தால் நல்லது. பாக் மூண்டிலொண்டு நிரம்பினவுடனை வெறுமையாக்கவேணும். பாதி தாண்டினால் பாரமே பிளேட்டை இழுக்கும்.

தீவகத்தான்:

அடைச்ச நாளைப் பற்றி ஒருத்தரும் எழுதேல்லை. இலியோஸ்ரொமிக்கு அதுதான் ஆபத்துக் கூடினது.

எங்கடை சாப்பாட்டிலை அடைக்கிற சாமான் கனக்க: பனங்கிழங்கு, புழுக்கொடியல், பனம்பழ நார், முருங்கைக்காய்ச் சக்கை, தேங்காய்ச்சொட்டு, கச்சான், சோளம், அன்னாசி, தோடம்பழச் சுளைத் தோல், கீரைத்தண்டு. ஒடியல் கூழிலை தண்ணியைக் குடிக்கலாம், பயித்தங்காயையும் பலாக்கொட்டையையும் கவனம். முதல் ரெண்டு மாதம் இதுகளைத் தொடாமல் விட்டு, பிறகு ஒவ்வொண்டாய், ஒரு நாளைக்கு ஒரு புதுச் சாமான், ரெண்டு கரண்டி, நல்லாய்ச் சப்பி. பிட்டெண்டால் தேங்காய்ப்பூவைக் குறைச்சு அவியுங்கோ. இடியப்பமும் சொதியும் பிரச்சினை குறைவு. முருங்கைக்காயை வழிச்சு எடுத்துச் சதையைச் சாப்பிடலாம்.

அடைக்கத் தொடங்கேக்கை முறுக்கு வரும், வயிறு ஊதும், ஸ்ரோமா வீங்கும். சில நேரம் நாத்தமான தண்ணி மட்டும் பீச்சும். அதைப் பார்த்து "தண்ணியாய்ப் போகுது" எண்டு லோப்பரமைட் குடுக்கக்கூடாது. அடைப்பைச் சுத்திக்கொண்டு வாற தண்ணி அது. செய்யவேண்டியது: கட்டிச் சாப்பாட்டை நிப்பாட்டுங்கோ. வாந்தி இல்லாட்டி இளஞ்சூடாய்க் குடிக்கக் குடுங்கோ. பிளேட் ஓட்டை வீங்கின ஸ்ரோமாவை நெரிச்சால் கழட்டிப் பெரிய ஓட்டையோடை வேறை ஒண்டு போடுங்கோ. முழங்காலை நெஞ்சோடை அணைச்சுப் படுத்து, ஸ்ரோமாவைச் சுத்தி மெல்லத் தடவலாம். இளஞ்சூட்டுத் தண்ணியிலை குளிக்கலாம். பேதி மருந்து ஒருபோதும் வேண்டாம். நாலு தொடக்கம் ஆறு மணித்தியாலத்துக்கு ஒண்டும் வராமல் நோவும் இருந்தால், இல்லாட்டி வாந்தி தொடங்கினால், நேரம் பாக்காமல் ஆஸ்பத்திரி. ஸ்ரோமா நாவல் நிறமாயோ கறுப்பாயோ மாறினால் உடனை. சிவப்பாய், ஈரமாய் இருக்கிறதுதான் சுகமான நிறம்.

கொக்குவில்காரி:

மெத்தப் பெரிய உபகாரம். இனி வெளிக்கிடுற விசயம். நல்லூர்க் கோயிலுக்குப் போகவேணுமெண்டு அப்பாவுக்கு மனசிலை ஆசை. சேர்ட் கழட்டவேணுமே எண்டு நிக்கிறார். கொழும்புக்கும் ஒருக்கால் போகவேணும்.

தீவகத்தான்:

நல்லூரிலை ஆம்பிளையள் மேற்சட்டையோடை உள்ளை போகேலாது, அது எல்லாருக்கும் தெரிஞ்சது. அதுக்கு வழி இருக்கு. வெளிக்கிடமுன்னம் பாக்கை வெறுமையாக்கி, கீழ்ப்பாதியை மேலை மடிச்சு, அகலமான பருத்தி இடுப்புப்பட்டிக்குள்ளை வையுங்கோ. கிடைச்சால் சின்னப் பாக் போடுங்கோ. வேட்டியை ஸ்ரோமாவுக்கு மேலை நாலு விரல் ஏத்திக் கட்டி, சால்வையைச் சுத்தித் தளர்வாய் விட்டால் வெளியாலை ஒண்டும் தெரியாது. முடிச்சு ஸ்ரோமா இருக்கிற பக்கம் வரக்கூடாது, மற்றப் பக்கம் போகட்டும். இறுக்கிக் கட்டினால் வந்தது கீழை இறங்காமல் மேலையே நிண்டு பிளேட்டுக்குள்ளாலை கசியும். பொம்பிளையளுக்குப் பாவாடை நாடாவும் அப்பிடித்தான். பிரதட்டையும் (வீதியிலை உருள்றது) அடியழிக்கிறதும் (அடிக்கு அடி விழுந்து கும்பிடுறது) வேண்டாம், வயித்திலை பாரம் விழும். தேர், தீர்த்தச் சனத்துக்குள்ளை போகாமல் 25 நாள் திருவிழாவிலை சனம் குறைஞ்ச ஒரு நாளைப் பாருங்கோ. கந்தசஷ்டி விரதம் பிடிக்கிறவை ஒண்டும் குடியாமல் இருக்கக்கூடாது. வெறுங்குடல் எண்டால் போக்கு நிக்காது, காற்றும் நீரும்தான் வரும்.

பருத்தித்துறையான்:

பயணத்துக்கு முதல் நாளே சாப்பிடாமல் விட்டால் பாதை முழுக்க நிம்மதி எண்டு சொல்லுறவையே?

வோட்_மிசி:

அதுவும் இதே கதைதான் அண்ணை. சாப்பிடாமல் விட்டால் தண்ணியும் வாயுவும். ராப் பஸ்ஸெண்டால் வெளிக்கிட மூண்டு, நாலு மணித்தியாலம் முன்னம் சோறு, உருளைக்கிழங்கு, வாழைப்பழம், பாண் மாதிரி இறுக்கிற சாப்பாடாய் அளவாய்ச் சாப்பிடட்டும். பயறு, கடலை, வெங்காயம், சோடா அண்டைக்கு வேண்டாம். ஏறக்கொஞ்சம் முன்னம் வெறுமையாக்குங்கோ. கொழும்பு கிட்டத்தட்ட 400 கிலோமீற்றர், கனக்கப் பஸ்ஸிலை ரொய்லெட் இல்லை. முடிஞ்சால் ரயிலிலை போங்கோ, எழும்பிப் போகலாம். பஸ்ஸெண்டால் கொள்ளளவு கூடின பாக் போட்டு, நடைபாதைப் பக்கச் சீற்றிலை இருந்து, நிக்கிற ஒவ்வொரு இடத்திலையும் தேவையோ இல்லையோ வெறுமையாக்குங்கோ.

குந்து ரொய்லெட்டிலை ஏலாத ஆக்கள் காலை அகட்டி நிண்டு கொஞ்சம் குனிஞ்சு விடலாம். முதல் ஒரு துண்டு ரிசுவைப் பீங்கானுக்குள்ளை போட்டால் தெறிக்காது. பாக்கின்ரை வாயை விரிச்சு ரிசுவாலை உள்பக்கம் துடைச்சுப்போட்டு மூடுங்கோ, அதிலை நிண்டுபோற சொட்டுத்தான் மணக்கிறது.

கைப்பையிலை ஓட்டை வெட்டின பிளேட் ரெண்டு, பாக் ரெண்டு, ரிசு, சின்னப் போத்தில் தண்ணி, பவுடர், கறுப்புப் பொலித்தீன் பை மூண்டு, சின்னக் கண்ணாடி, மாத்துச் சாரம் ஒண்டு, ஜீவனி ரெண்டு பக்கெற், மருந்துச் சீட்டு. வெட்டாத பிளேட்டையும் கத்தரிக்கோலையும் கொண்டுபோய் ஓடுற ரயிலுக்குள்ளை வெட்டேலாது. இந்தப் பை எப்பவும் ஆளோடை, மேல்தட்டிலையோ டிக்கியிலையோ வேண்டாம்.

நடுவழியிலை ஒழுகினால் மேலாலை பிளாஸ்ரர் ஒட்டி மூடாதேங்கோ. உள்ளுக்கை நிக்கிற நீர் தோலை அவிக்கும். எரிவு அல்லது கடி வந்தவுடனையே, வெளியாலை ஒண்டும் தெரியாட்டிலும், முதல் கிடைக்கிற இடத்திலை முழுசாய்க் கழட்டி மாத்துங்கோ.

ஆனைக்கோட்டை:

குறுக்கிடுறதுக்கு மன்னிக்கவும், இடப்பக்கப் பெருங்குடல் ஸ்ரோமா, கொலஸ்ரொமி உள்ளவைக்கும் இதே கணக்கோ?

வோட்_மிசி:

இல்லை. உங்களுக்குக் கட்டியாய், நாளைக்கு ஒண்டு ரெண்டு தரம் வரும். நார்ச்சத்தும் தண்ணியும் கூட எடுக்கவேணும், உப்புக் கலவை தேவையில்லை. பாக்குக்கை காற்று இல்லாமல் ஒட்டிப்போய் மலம் மேலையே நிண்டால், பூட்டமுன்னம் பாக்குக்குள்ளை கொஞ்சம் காற்று விட்டு, உள்பக்கம் சில துளி குழந்தை எண்ணெய் தடவி, வடிகட்டித் துளையை அதோடை வாற ஸ்ரிக்கராலை மூடுங்கோ. எண்ணெய் பாக்குக்குள்ளை மட்டும், தோலிலை இல்லை.

இடப்பக்கக் கொலஸ்ரொமிக்குக் கழுவுமுறையும் இருக்கு. இளஞ்சூட்டுத் தண்ணி 500 தொடக்கம் 1000 மில்லிலீற்றர், கூம்பு முனையாலை, தண்ணிப் பை தோள் உயரத்திலை. முழுசாய் முடிய முக்கால் தொடக்கம் ஒரு மணித்தியாலம். பழகினால் 24 அல்லது 48 மணித்தியாலத்துக்கு ஒண்டும் வராது, சின்ன மூடியோடை திரியலாம். கொதிச்சாறின தண்ணிதான் பாவிக்கவேணும். ஹேர்ணியா (ஸ்ரோமாவுக்குப் பக்கத்தாலை குடல் தள்ளுறது) உள்ளவைக்கு, ஸ்ரோமா வெளித்தள்ளினவைக்கு, கீமோவிலை வயித்தாலை போறவைக்கு ஏலாது. சத்திரசிகிச்சை வைத்தியரைக் கேட்டு, தாதி நேரிலை காட்டித் தந்தபிறகுதான் தொடங்கலாம்.

கொக்குவில்காரி:

கடைசியாய் ஒண்டு. கிணத்திலை தண்ணி அள்ளப் போறார், மறிச்சாலும் கேக்கிறாரில்லை.

தீவகத்தான்:

முதல் மூண்டு மாதமும் பாரம் தூக்க விடாதேங்கோ. துலாவிலை இழுக்கேக்கை வயித்துத் தசை முறுகி ஸ்ரோமாவுக்குப் பக்கத்தாலை குடல் தள்ளும், அதுதான் ஹேர்ணியா. ஹேர்ணியா வந்தால் வயிறு உருண்டு பிளேட் இன்னும் நிக்காது. பிறகும் அரை வாளியாய்த்தான், அதுவும் தாங்குபட்டி போட்டுக்கொண்டு. இருமல், தும்மல் வரேக்கை உள்ளங்கையாலை ஸ்ரோமாவை மெல்ல அமத்திப் பிடிக்கப் பழக்குங்கோ. மோட்டர் இருந்தால் காலமையே தொட்டியை நிரப்பி வையுங்கோ, கரண்ட் நிண்டாலும் அவர் கிணத்தடிக்குப் போகத் தேவையில்லை, பிளேட் மாத்தவும் தண்ணி இருக்கும்.